பதிமூணு புள்ளி ரெண்டு

பிப்பெட் பாதி இறங்கும்போதே ஸ்டாப் வாட்சை அமுக்கிவிட வேண்டும், முழுவதும் இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அது செய்முறைப் புத்தகத்துச் சட்டம். இசக்கியம்மாள் அப்படியே அமுக்கினாள். கட்டைவிரலுக்கு அடியில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இனி நிறுத்த முடியாது, எஸ்டர் என்கிற அந்தத் திரவம் அமிலத்துக்குள் விழுந்துவிட்டது, விழுந்த நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து இன்னும் அமிலமாக ஆரம்பித்திருக்கும், அதற்கு யார் பரீட்சை எழுதுகிறார், யார் மார்க் போடுகிறார் என்பதெல்லாம் ஒரு பொருட்டா. பாட்டிலை ஒரு குலுக்கு குலுக்கி, ஐந்து மில்லி உறிஞ்சி ஐஸ் தண்ணீரில் விட்டாள். குளிரில் விட்டால் உடைகிற வேலை அப்படியே சோம்பிப்போய் நின்றுவிடும், அந்த நேரத்துக்குள் உள்ளே எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறதோ அதைச் சோடாக் கரைசல் ஊற்றி ஊற்றி அளந்துகொள்ளலாம், ரோஸ் நிறம் வந்து நின்றால் அளவு முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அறுபது நிமிடம் வரை. அமிலம் ஏற ஏறச் சோடா அதிகம் குடிக்கும், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கணக்குப் போட்டால் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணுக்குத்தான் மார்க். காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொன்னபோது மடித்த தாளைப் பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது, போன வருஷம் எந்தச் செய்முறையில் தோற்றாளோ அதே செய்முறைதான் கையில் ஏறியிருக்கிறது என்று. பன்னிரண்டு சீட்டில் அதுதான் வருவேன் என்று அடம் பிடித்தால் என்ன செய்ய. வா, வந்து பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நினைப்பில் அவள் குரல் எப்போதும் பெரிது, வெளியேதான் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. ரோஸ் வந்தது, பதினொன்று புள்ளி ஒன்பது, பேனாவைத் திறந்து எழுதினாள். பக்கத்து மேசையில் உப்புச் சோதனை பார்த்துக்கொண்டிருந்த பெனிட்டா, இந்த வருஷத்து மூன்றாமாண்டுப் பிள்ளை, கண்ணை அகல விரித்தாள். "யக்கா, பேனாவுலயா எழுதுத? ஒனக்கு என்ன கிறுக்கா?" "பேனாவுலதான்." "பென்சில்ல எழுதி வச்சுட்டு பெறவு பாத்து ஏத்திக்கிடலாம்லா. போன வருசம் பட்டது போதாதா ஒனக்கு?" இசக்கி பேனா மூடியைத் திருகி மூடினாள்.

பென்சில்தான் இந்த லேபின் வழக்கம். எல்லோரும் முதலில் பென்சிலால் லேசாக எழுதுவார்கள், முடிந்ததும் கடைசியில் வரவேண்டிய எண் என்னவோ அதற்குத் தகுந்தாற்போல ரப்பரால் அழித்து, பேனாவால் அழுத்தி எழுதுவார்கள். வரவேண்டிய எண் என்னவென்று எப்படித் தெரியும் என்றால், அதற்கு மூலம் இருக்கிறது. மூலம் என்பது ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு, அட்டை போய், ஓரமெல்லாம் பழுத்து, எந்தக் காலத்திலோ இங்கே படித்த ஓர் அண்ணன் எழுதியது, அவர் பெயர்கூட அழிந்துபோய்விட்டது. வருஷா வருஷம் ஒரு பேட்ச் இன்னொரு பேட்சுக்குக் கையளித்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துத்தான் எல்லா ரெக்கார்டும், ரெக்கார்டைப் பார்த்துத்தான் எல்லாப் பரீட்சையும். விடைத்தாள் திருத்த வைத்திருக்கிற பட்டியல்கூட அதிலிருந்து எடுத்ததுதான் என்று ஒரு பேச்சு உண்டு. மூலத்தில் பத்தாம் நிமிடம் பன்னிரண்டு புள்ளி ஐந்து. அது அவளுக்கு மனப்பாடம், போன வருஷம் முழுக்கக் கண்ணை மூடினால் அந்தப் பக்கம்தான் வந்து நிற்கும். பன்னிரண்டரை, பதின்மூன்று புள்ளி ஒன்று, பதின்மூன்று புள்ளி ஏழு என்று படிப்படியாக, நல்ல பிள்ளைகள் வரிசையில் நிற்கிறாற்போல. ஸ்டாப் வாட்சில் ஒன்பதரை ஆனது. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சினாள், பத்தாவது நிமிடத்தில் ஐஸில் விட்டாள், நிறம் காட்டுகிற ஃபினால்ஃப்தலின் இரண்டு சொட்டு. சோடா நிரப்பிய பியூரெட்டின் திருகை இடது கையால் லேசாகத் திறந்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டு புள்ளி மூன்று. இதோ வரும் என்று சொட்டுச் சொட்டாக விட்டாள். பன்னிரண்டரை. வரவில்லை. பன்னிரண்டு புள்ளி எட்டு, வந்த ரோஸ் குலுக்கினதும் ஓடிப்போய்விட்டது. பதின்மூன்றைத் தாண்டியபோது கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. பதின்மூன்று புள்ளி இரண்டில் நிறம் வந்து நின்றது, குலுக்கினாலும் போகவில்லை. போன வருஷமும் இதே இடம்தான், இதே பதின்மூன்று சொச்சம்தான். அப்போது நம் கைதான் சரியில்லை, சொட்டு அதிகமாக விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். இருபதாவது நிமிடமும் தப்பு, முப்பதும் தப்பு, கடைசியில் ஒன்றும் ஓடாமல், பேனாவில் எழுதியிருந்த ஆறு அளவையும் ஒவ்வொன்றாக அடித்து, மேலே மூலத்து எண்களை எழுதினாள். வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டெர்னலாக வந்த குற்றாலிங்கம் சார் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இந்த ஆறு அடியும் எதுக்கு அடிச்ச? கீழ இருக்கது பொய்யா, மேல இருக்கது பொய்யா?" மற்ற பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பென்சிலில் எழுதி அழித்த பதினொரு பேரும் பாஸ். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் அவளிடம் பதில் இல்லை, கீழே இருந்ததா, மேலே இருந்ததா, எது பொய்.

பதிமூணு புள்ளி ரெண்டு என்று பேனாவால் எழுதினாள். இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, இப்போதே பயந்தால் எப்படி. உப்புக் கம்பெனி லேபில் தினம் இதேபோலச் சொட்டு விட்டு அளக்கிற டைட்ரேஷன் இருபது முப்பது பார்க்கிற கை இது, ஒரு வருஷமாக. கால்சியம், மெக்னீசியம், சல்பேட், ஈரம். அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் லாரி கேட்டைத் தாண்டுகிறது, ஒரு நாள் ஒரு லாரிகூடத் திரும்பி வந்ததில்லை. டிகிரி சர்டிபிகேட் ஜூன் மாதத்துக்குள் வந்துவிட்டால் நிரந்தரம், வராவிட்டால் இடத்துக்கு வேறு ஆள், அதை மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "ஒன் மேல கொற ஒண்ணும் இல்லம்மா, ஆனா பேப்பர் வேணும்லா." பேப்பர் வேண்டும். பேப்பர் வேண்டுமென்றால் ரப்பர் வேண்டும். ஏட்டி, என்ன யோசனை இது என்று தன்னையே அதட்டினாள். மின்விசிறி எல்லாம் நிறுத்தியிருந்தார்கள், அந்தப் பக்கம் நாலைந்து பேருக்குப் பர்னர் எரிய வேண்டும், காற்றடித்தால் அணைந்துவிடும், அதனால் செய்முறைத் தேர்வு என்றால் விசிறி கிடையாது. ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்து வெள்ளையாக நின்றது. ஐஸ் வாளியில் மீன் வாடை, ஐஸ் கம்பெனியிலிருந்து அட்டெண்டர் தங்கபாண்டி அண்ணன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தது. அந்த வாடை மூக்கில் ஏற ஏற அவளுக்குப் பசித்தது, பயத்திலும் பசிக்குமா. இருபதாவது நிமிடம். பதினாலு புள்ளி ஐந்து. மூலத்தில் பதின்மூன்று புள்ளி ஒன்று. முதல் தடவை தப்பென்றால் இரண்டாவது தடவை கொஞ்சமாவது இப்படி அப்படி ஆகவேண்டும், இது ஒரே பக்கமாக, ஒரே மிடுக்கோடு தள்ளிக்கொண்டு போகிறது. கிரேஸ் மேடம் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார், துறையின் ஆசிரியை, இன்டர்னல் எக்ஸாமினர், நல்ல மனுஷி, யாரையும் தோற்கடிக்க மனசு வராது. தாளை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "என்னம்மா இது, மறுபடியுமா." "இப்படித்தான் மேடம் வருது." "வருதுன்னா? வேற பேப்பர் தாரேன், பென்சில்ல எழுது. பட்டியல்ல இருக்க கீ வேல்யூ ஆயிரத்துல நாலு புள்ளி மூணு, பக்கத்துலகூட நீ நிக்கல. எக்ஸ்டெர்னலும் போன வருசத்து அதே சார்தான், ஒன்ன ஞாபகம் வச்சிருக்காரு." குரலைத் தாழ்த்தி, "வீட்டுல அம்மாவ நெனச்சுக்கோ" என்றார்.

அம்மாவை நினைக்கச் சொல்ல வேண்டுமா. அம்மா காலையில் ஐந்து மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பும்போதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். "சார்மாரோட மல்லுக்கட்டாத. அவுக கேக்கத எழுதிக் குடுத்துட்டு வா, ஒனக்கு என்ன கேடு வந்துச்சு?" பாத்தியில் உப்பு வாருகிறவளுக்கு எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வேலை இல்லை, இருபது வருஷமாக அவள் எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்ட ஏச்சை எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் ஓர் அம்பாரம் வரும். அவள் பாதம் வெடித்து வெளுத்துப்போனது, காலைக் கழுவினால்கூட வெள்ளை போகாது. தையில் இழுத்துக்கொண்டே கிடக்கிற பாத்தி சித்திரையில் சட்டென்று வெளுத்துவிடும், கங்காணி நாலு பேரைக் கூடுதலாக இறக்குவான், வாரி மாளாது என்று அம்மா ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள். தையில் இழுத்துக்கொண்டு. சித்திரையில் சட்டென்று. இசக்கியின் நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டது, சேலை முள்ளில் மாட்டுகிறாற்போல. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அது வினை இல்லையே, தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மிஞ்சுகிறது, அதுவும் இதுவும் ஒன்றா, ஒன்றில்லை, ஆனால் வெயில் ஒன்றுதானே. வெயில். கை தப்பில்லை. மருந்து தப்பில்லை, அதே அமிலம், அதே சோடா, பெனிட்டாவுக்கும் அதே பாட்டிலிலிருந்துதான். நேற்றே கலந்து வைத்து முழுக்க உடைந்து முடிந்த கரைசலின் அளவும் மூலத்தில் இருக்கிற அதே இருபத்தாறு புள்ளி ஒன்பது, ஆரம்பத்து அளவும் அதே பதினொன்று புள்ளி ஒன்பது. புறப்பட்ட இடம் ஒன்று, போய்ச் சேருகிற இடம் ஒன்று, வேகம் மட்டும் வேறு. வேகத்தை மட்டும் மாற்றுவது எது. மூலத்து அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குள் விரித்தாள், மேலே வலது ஓரத்தில் தேதி இருக்கும், யாரும் அதைக் காப்பியடிப்பதில்லை, அவரவர் தேதியைத்தானே போடுவார்கள், அதனால் யார் கண்ணிலும் படாதது, பச்சை மையில், ஜனவரி எட்டு. மார்கழிக் கடைசி. அதற்குக் கீழே, வெப்பநிலை என்று போட்டு, அறை வெப்பநிலை என்று எழுதியிருக்கும். எந்த அறை, எந்த மாதத்து அறை.

முப்பதாவது நிமிடத்தைத் தவறவிட இருந்தாள். பதினைந்து புள்ளி ஆறு. எழுதிவிட்டு மேசையில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்து வினை நடக்கும் பாட்டிலுக்குள் விட்டாள். பாதரசம் ஏறிற்று, ஏறிக்கொண்டே போயிற்று, அது நிற்கும் வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. முப்பத்தேழு. "என்ன யக்கா, அதுக்குக் காச்சலா?" என்றாள் பெனிட்டா. "ஆமா, நல்ல காச்சல்" என்றாள் இசக்கி, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, பரீட்சை அறையில் சிரிக்கிறோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் ஏறும், அது பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கிறது, இரண்டு மதிப்பெண் கேள்வி, அவளும் எழுதியிருக்கிறாள், பெனிட்டாவும் எழுதியிருப்பாள், கிரேஸ் மேடம் நூறு தடவை நடத்தியிருப்பார், எல்லோரும் அதைப் பரீட்சைக்கு எழுதிவிட்டு இந்த வேர்க்கிற அறையில் மார்கழி மாதத்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம். லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டினாள். இருபதாம் நிமிடத்துக்கு இருபத்தாறு புள்ளி ஒன்பதில் பதினாலரை போக பன்னிரண்டு புள்ளி நாலு, பதினைந்தைப் பன்னிரண்டு புள்ளி நாலால் வகுத்து அதற்கு லாக், அதை இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம் மூன்றால் பெருக்கி இருபதால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது ஐந்து, ஆயிரத்தில் ஒன்பது புள்ளி ஐந்து. முப்பதாம் நிமிடத்துக்கு ஒன்பது நாலு. மூலத்தில் நாலு மூன்று. இரண்டு மடங்கும் கொஞ்சமும். அப்படியென்றால் அந்த அண்ணன் செய்த அன்றைக்கு இதைவிட ஒன்பது பத்து டிகிரி குறைவு, இருபத்தேழோ இருபத்தெட்டோ, மார்கழிக் காலை பத்து மணிக்கு ஜன்னலெல்லாம் திறந்திருந்தால் இந்த அறை அப்படித்தான் இருந்திருக்கும். அப்போ அவரும் பொய் எழுதவில்லை. அது அவளுக்கு எதிர்பாராமல் வந்து தைத்தது. இத்தனை நாளும் பெயர் தெரியாத அந்த ஆள்மேல் ஒரு கோபம் இருந்தது, யாருக்காகவோ எண்ணை ஜோடித்து எழுதி வைத்துவிட்டுப் போன ஆள் என்று. அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார், சொட்டுச் சொட்டாக அளந்து, இதே மாதிரி நின்று. ஒரு மார்கழி மாதத்து மெய். அதைச் சித்திரையில் எழுதி எழுதி எத்தனை பேர் பொய்யாக்கிவிட்டார்கள். நானும்தான், ஆறு அடி அடித்து. கீழே இருந்ததுதான் சார் மெய், மேலே எழுதினதுதான் பொய் என்று ஒரு வருஷம் கழித்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

நாற்பது, பதினாறு புள்ளி ஆறு. ஐம்பது, பதினேழரை. கை இப்போது கம்பெனியில் ஓடுகிறாற்போல ஓடிற்று, பயம் மட்டும் தன்பாட்டுக்குத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. தெரிந்துவிட்டால் போதுமா. அவருக்குப் பட்டியல்தானே தெரியும், பட்டியலில் நாலு புள்ளி மூணு, பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் முழு மார்க், இருபது என்றால் பாதி, அதற்கு மேல் பூஜ்யம், நூற்றிருபது சதவீதம் தள்ளி நிற்கிறவளுக்கு எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது. கிரேஸ் மேடம் வைத்துவிட்டுப் போன வெற்றுத்தாள் பியூரெட் ஸ்டாண்டுக்கு அடியில் வெள்ளையாகக் கிடந்தது, ஓரம் மட்டும் லேசாகப் படபடத்தது, காற்றே இல்லாத அறையில் எது அதை ஆட்டுகிறது. எழுதினால் ஐந்து நிமிட வேலை. எல்லாம் மனப்பாடம். ஜூன் மாதம் சர்டிபிகேட், ஜூலையில் நிரந்தரம், அம்மா பாத்தியில் இறங்க வேண்டாம். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும், நீ எழுதினதால் உலகத்தில் எந்த எஸ்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் போகிறது, ஒன்றும் ஆகாது, ஒருவருக்கும் நட்டமில்லை. ஒருவருக்கும் நட்டமில்லை என்றுதான் போன வருஷமும் நினைத்தாள். வருஷம் முழுக்கக் கம்பெனியில் ஒவ்வொரு தாளில் கையெழுத்துப் போடும்போதும் அந்த ஆறு அடியும் வந்து கண்ணுக்கு முன்னால் நிற்கும், ஒரு தடவைக்கு மூன்று தடவை அளப்பாள், கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அறுபதாவது நிமிடம் பதினெட்டு புள்ளி நாலு. எழுதினாள். ஆறு கணக்கையும் போட்டாள், ஒன்பது ஒன்று, ஒன்பது ஐந்து, ஒன்பது நாலு, ஒன்பது நாலு, ஒன்பது நாலு, ஒன்பது ஐந்து. ஒரு கை விரல்கள்போல வித்தியாசமும் சொந்தமுமாக நின்றன. தலைப்புக்குக் கீழே வெப்பநிலை என்ற இடத்தில் முப்பத்தேழு டிகிரி என்று அழுத்தி எழுதினாள். வெற்றுத்தாளை எடுத்து நான்காக மடித்து, மேசையில் சிந்தியிருந்த சோடாவைத் துடைத்து, தொட்டியில் போட்டாள்.

குற்றாலிங்கம் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தாளை வாங்கினார். மணி பன்னிரண்டே முக்கால், சாப்பாட்டுப் பார்சல் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. "நீ போன வருசம் அடிச்சு அடிச்சு எழுதுன பிள்ளதானே?" "ஆமா சார்." "இந்த வருசம் அடிக்கல. அதுவரைக்கும் தேவல." பட்டியலில் விரலை ஓட்டினார், தாளைப் பார்த்தார், மறுபடி பட்டியல். "ஆனா இது என்னம்மா, நாலு புள்ளி மூணு எங்க, ஒம்பது புள்ளி நாலு எங்க? வீட்டுல இருந்தே கொண்டாந்தியா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். சிவப்புப் பேனாவின் மூடியை அவர் பல்லால் கழற்றுவதைப் பார்த்தாள், அது தாளை நோக்கி இறங்குவதைப் பார்த்தாள், தன் கை போய் எண்களின் மேல் விரிந்து கிடப்பதையும் பார்த்தாள், அது எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. "அடிக்காதீங்க சார்." "என்னது?" "பெயில்னா பெயில்னு எழுதுங்க சார். இத மட்டும் அடிக்காதீங்க. இது சரி." கிரேஸ் மேடம் "இசக்கி" என்று மெல்லப் பதறினார். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே பார்த்தார். "நீ சரின்னா பட்டியல் தப்பா?" "பட்டியலும் சரிதான் சார். அது இருவத்தெட்டு டிகிரிக்கு. இன்னைக்கு முப்பத்தேழு." குரல் கம்மிப்போய் அவருக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ, அதனால் இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை கடைசி மேசை வரைக்கும் கேட்டது. "இருவத்தெட்டுல வேணும்னா இப்பவே செஞ்சு காட்டுதேன் சார். தொட்டியில தண்ணி புடிச்சு, ஐஸ் போட்டு, பாட்டில உள்ள எறக்கி வைக்கேன். பத்தாவது நிமிசம் பன்னெண்டர வரும், இருபதாவது நிமிசம் பதிமூணு புள்ளி ஒண்ணு. வரலேன்னா நானே பெயில்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருதேன்." "இது சாப்பாட்டு நேரம்மா. ரெண்டு மணிக்கு அடுத்த பேட்சு." "ஒரு மணி நேரம் இருக்கு சார். நான் சாப்பிடல." அவர் சரி என்றும் வேண்டாம் என்றும் சொல்லாமல் தாளைக் கீழே வைக்காமலே பிடித்திருந்தார். இனி அவர் சொல்லுவதற்காக நிற்பதா, நின்ற வரைக்கும் போதும் என்று திரும்பி நடந்தாள். பிள்ளைகள் இரண்டிரண்டாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், பெனிட்டா வாசலில் நின்று, "யக்கா, நீ பெரிய ஆளுதான்" என்றாள், கேலியா மெச்சலா என்று பிரிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் தொட்டியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள், கொதிக்கிற தண்ணீர்தான் முதலில் வந்தது. தங்கபாண்டி அண்ணன் கேட்காமலே வாளியில் மிஞ்சின ஐஸைக் கவிழ்த்தார். "போடு தாயி, வேணும்னா சைக்கிள்ல போயி இன்னும் வாங்கியாறேன்." முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது என்று பாதரசம் இறங்கிற்று, புதிதாக அமிலம் அளந்த பாட்டிலைத் தண்ணீருக்குள் நிறுத்தி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், வேர்வை மூக்கு நுனியிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. தரையில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் சார் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து அவள் மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பியூரெட்டின் கோட்டுக்கு நேராகத் தலையைச் சாய்த்தார். நம்புவதற்காக வந்தாரா, கையும் களவுமாகப் பிடிப்பதற்காக வந்தாரா, அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எதற்காக வந்தால் என்ன. நல்லாப் பாக்கட்டும்.